இரண்டாவது சண்டைக்காரன்

மலைப் படிகளில் காவடிக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்த காலை. ஹம்சாவின் பிரௌசிங் சென்டரில் அவள் அக்கா புருஷன் நாகேஷ் ஒரு கம்ப்யூட்டரைக் குடைந்துகொண்டிருந்தார். கேம்களைத் திறந்துவிடும் லாஞ்சரில் பழைய ஆர்கேட் கேமை அழுத்தினாலே திரை கறுத்துவிடுகிறது.

"இத்த வெச்சிகினு இன்னாம்மா பண்ணப்போற? கடைய என்கிட்ட வித்துடு. ஸ்கந்தகுமார் இனிமே வரமாட்டான்."

போன ஆடியில் காணாமல் போன தன் கணவனைப் பற்றி இவருக்கு எப்படி இத்தனை நிச்சயம்? ஹம்சா அவர் விரல்களையே பார்த்தாள்.

கேம் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று லாஞ்சருக்குக் காட்டினார் நாகேஷ். படம் வந்துவிட்டது. அவருடைய சண்டைக்காரன் முறைத்துக்கொண்டு நின்றான். எதிரே, யாரும் ஆடாத இரண்டாவது சண்டைக்காரன் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான்.

"வெளாடாத ஹம்சா!"

"ரெண்டாவது ஜாய்ஸ்டிக் இதோ என் கையில கீதுங்க பாவா. வயர சொருகவே இல்ல, தொங்கிகினு கீது."

நாகேஷ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். எதிரே இருந்தவன் உட்கார்ந்து எழுவது நிற்கவில்லை.

சண்டைக்கு முன்னால் பொம்மையைத் தோப்புக்கரணம் போடவைப்பது திருத்தணியிலேயே ஸ்கந்தகுமார் மட்டும்தான்.

"கடைய விக்கல பாவா" என்றாள் ஹம்சா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

நாகேஷ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.