இக்விலோவின் காணிக்கை

"கோடாரியைக் கீழ போடுடா! நான் இன்னும் சாகல."

கிழவர் இக்விலோ கத்திய கத்தலில் முற்றத்தில் மேய்ந்த கோழிகள் சிதறின. எதிரே, கையில் கோடாரியோடு அவருடைய ஒரே மகன் பாஸ்டர் ஒபியோரா. வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

மகன் குறிவைத்தது தகப்பனை அல்ல. அவருக்குப் பின்னால் மூலையில் நின்ற மரச்சிலையை. தலையில் இரண்டு கொம்பு, வலது கையில் கத்தி. இக்விலோ தனிக்குடித்தனம் வந்த வருஷம் செதுக்கி வாங்கிய இக்கெங்கா அது; ஒவ்வொரு ஆணும் தன் கைபலத்துக்கென்று வைத்துக் கும்பிடும் சொந்தச் சாமி.

ஒருவனுடைய இக்கெங்காவை அவன் செத்த அன்றுதான் பிளப்பார்கள். அதையும் அவனோடு வளர்ந்த தோழன்தான் செய்ய வேண்டும். உயிரோடு இருப்பவனுடையதைப் பிளந்தால் அவனைப் பிணம் என்று சொன்ன மாதிரி.

"அப்பா, எத்தனை தடவை சொல்றது? இயேசு ஒருத்தர்தான் வழி. வேற வழியே கிடையாது. இந்தக் கட்டையைக் கட்டிக்கிட்டு செத்தீங்கன்னா நேரா நரகம்தான்."

"உங்கம்மா எங்கடா இருக்கா?"

"அம்மா ஞானஸ்நானம் வாங்கினவங்க. பரலோகத்துல இருக்காங்க."

"எங்கப்பா? உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் மீன் பிடிக்கக் கத்துக்குடுத்தாரே, அந்த மனுஷன்?"

ஒபியோரா ஒரு கணம்தான் தயங்கினார். "நரகத்துல."

"த்தூ!" இக்விலோ வாசல் பக்கம் துப்பினார். "ஊர் உலகத்துக்கே ஒரே ஒரு கதவு, அதோட சாவியும் உன் இடுப்புல தொங்குதோ?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. நீங்க மனசு மாறாம செத்தா உங்க குழியில என் கை மண்ணு விழாது. அம்மா பக்கத்துலயும் உங்களுக்கு இடம் இல்ல. அது சபைத் தோட்டம்."

மகன் மண் போடாத குழி என்றால் ஊர் காறித் துப்பும். அதைக்கூடக் கிழவர் தாங்கிக்கொள்வார். ஆனால் நாற்பது வருஷம் தன் பக்கத்தில் படுத்தவள் தனியாகக் கிடப்பாளே!

"ஒரு வாரம் குடு," என்றார் கடைசியில், தரையைப் பார்த்தபடி. "நானே அதை உன் கோயிலுக்குக் கொண்டாந்து விட்டுடறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை முற்றத்தில் தீ மூட்டினார்கள். துணியில் சுற்றிய மூட்டையோடு வந்த இக்விலோ, மொத்த சபையும் பார்க்கத் தன் கையாலேயே அதைத் தீயில் போட்டார். துணி எரிந்து, கரி பூசிய மாதிரி கறுத்த இரண்டு கொம்புகள் தெரிந்தன.

சிலை லேசில் பற்றவில்லை. புகைந்தது. உஸ்ஸென்று சீறியது. கொம்பு முனைகளில் நுரை கொப்பளித்தது.

"ஐயோ, பிசாசு கத்துது!" என்று ஒரு பெண் அலறினாள்.

"கத்தட்டும்! இயேசுவின் நாமத்தில் வெந்து சாகட்டும்!" என்று பாஸ்டர் முழங்கினார். அல்லேலூயா வானத்தைப் பிளந்தது.

அன்றே கிழவருக்கு ஆற்றில் ஞானஸ்நானம். கரையேறியதும் அவர் இன்னொரு காணிக்கையும் தந்தார். வீட்டில் கிடந்த பழைய இரோக்கோ மரப் பலகைகளில் தானே செய்த பிரசங்க மேசை. நான்கு பக்கமும் பெட்டி மாதிரி அடைத்தது, தூக்கிய இரண்டு ஆட்களுக்கும் மூச்சு வாங்கும் கனம். சபையின் பழைய மேசையைக் கறையான் தின்று வெகுநாளாகியிருந்தது.

ஒபியோரா அழுதுவிட்டார். "எங்கப்பாவை என் கையாலேயே அடக்கம் பண்ணுவேன். எங்கம்மா பக்கத்துலயே!" என்று சபை முன்னால் சத்தியம் செய்தார்.

ஊரில் எல்லோரும் வாழ்த்தினார்கள், இக்விலோவின் பால்ய தோழர் நுவேக்கே ஒருவரைத் தவிர. அவர் இக்விலோவைக் கண்டால் கள் குவளையைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்து போனார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிறு. இக்விலோ சபையில் கடைசி பெஞ்சில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே நுவேக்கேயின் முகம் தெரிந்தது.

"என்ன, சகோதரர் இக்விலோ! சொர்க்கத்துல துண்டு போட்டு இடம் பிடிச்சாச்சா?"

"மெதுவாப் பேசு. ஜெபம் நடக்குது."

"தூ, வெக்கங்கெட்டவனே. பொண்டாட்டி பக்கத்துல ஆறடி குழிக்காக உன்னையே நெருப்புல போட்டுட்டியேடா. நான் உனக்குத் தோழன்னு ஒருத்தன் இருக்கேன். நாளைக்கு நீ செத்தா நான் எதைடா பிளக்கறது? உன் மகனோட பைபிளையா?"

இக்விலோ மேடையைப் பார்த்தார். பிரசங்கத்துக்கு முன் வழக்கமாகச் செய்வது போல, பாஸ்டர் ஒபியோரா முழங்காலிட்டு, புது மேசையின் அடியில் நெற்றியை அழுத்தி, கண்ணீர் வழிய ஜெபித்துக்கொண்டிருந்தார்.

"நாம யாரும் அதுக்கு மண்டி போட்டதே இல்ல, இல்லடா?" என்றார் இக்விலோ மெல்ல.

"எதுக்கு?"

கிழவர் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்.

"நான் செத்த அன்னிக்கு கோடாரியோட வா. அந்த மேசையைப் பிள."