செய்முறைத் தேர்வு

"ஒண்ணே ஒண்ணு தம்பி. மெஷினை ஆஃப் பண்ணக் கூடாது. ஓடிக்கிட்டு இருக்கும்போதே செய்யணும். அதுதான் டெஸ்ட்டு" என்றார் மேனேஜர்.

பெங்குவின் மனதுக்குள் சபாஷ் போட்டான். இதுவரை போன இன்டர்வியூக்களில் எல்லாம் 'உங்கள் பலவீனம் என்ன' என்று கேட்டார்கள், தெரிந்துகொண்டு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குத்தான் வேலை தெரிந்தவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது.

லினக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் சின்னமான அந்தப் பறவையின் பெயரை அவனுக்குச் சூட்டியவர் அத்தான். நடை, உடை, வருமானம் மூன்றும் பொருந்துகின்றன என்பது அவர் சொன்ன காரணம். அத்தானின் கம்ப்யூட்டரில் அவன் லினக்ஸ் போட்டுக் கொடுத்த அன்று கல்யாண ஆல்பம் மொத்தமும் அழிந்து போயிருந்தது. அதற்கு அத்தான் நன்றியல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்பது பெங்குவினின் கட்சி.

அக்கா வீட்டுச் சோறும் அலுத்துவிட்டது, அதாவது அத்தானுக்கு. இந்த வேலையும் கை நழுவினால் திங்கட்கிழமை முதல் அவருடைய பெயின்ட் கடையில் டப்பா குலுக்க வேண்டும் என்று காலையிலேயே தீர்ப்பாகிவிட்டது.

டெஸ்ட் கடினமில்லை. சர்வரில் இடம் முட்டிக்கொண்டு நிற்கிறது, இனி ஒரு ஃபைல்கூட ஏறாது, புது டிஸ்க் ஒன்றைச் சொருகியாயிற்று. அதை எல்.வி.எம். முறையில் பழையதோடு சேர்த்து இடத்தைப் பெருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபைல் ஒன்றுகூடக் கலையக் கூடாது.

எல்.வி.எம். என்றால் என்ன, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றார் எச்.ஆர். அம்மா.

"கூட்டுக் குடும்பம் மேடம். ஒவ்வொரு டிஸ்க்கும் தன்கிட்ட இருக்கற இடத்தைப் பொதுவுல போட்டுடணும். அப்புறம் யாருக்கு எவ்வளவு தேவையோ பிரிச்சுக்கலாம். புது டிஸ்க் மருமக மாதிரி. வரும்போது பழசையெல்லாம் துடைச்சுட்டு வரணும், வந்தப்புறம் எல்லார் பாரத்தையும் சுமக்கணும்."

எச்.ஆர். அம்மா சிரிக்கவில்லை. அவருக்கு எல்.வி.எம். முழுதாகப் புரிந்துவிட்டது.

திரையைப் பார்த்தால், அவனுக்கு முன்னால் பலபேர் அந்த மெஷினில் கை வைத்திருந்தார்கள். ஒருவர் டிஸ்க்கின் ஒரு பகுதிக்கு 'ஃபைனல்' என்று பெயர் வைத்திருந்தார். அடுத்தவர் 'புது ஃபைனல்', அதற்கும் அடுத்தவர் 'உண்மையான ஃபைனல்'. இதே நாற்காலியில் உட்கார்ந்து தோற்றுப் போன புண்ணியவான்கள் என்று பெங்குவின் ஒரு கணம் அனுதாபப்பட்டான். அனுதாபம் வந்ததும் தெம்பும் வந்தது.

பழைய டிஸ்க்குக்கும் புதியதற்கும் பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கை தவறிப் பழையதைத் துடைத்தால் கதை கந்தல். அவன் என்டர் பொத்தான்மேல் விரலைக் கொண்டுபோனபோது மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"பார்த்து தம்பி, பார்த்து" என்றார்.

பெற்ற அப்பாகூடத் தன் பரீட்சைக்கு இப்படி வியர்த்ததில்லையே என்று பெங்குவினுக்கு நெஞ்சு இளகியது. இப்படி ஒரு மேனேஜருக்குக் கீழே ஆயுசு முழுக்க வேலை பார்க்கலாம்.

புது டிஸ்க்கைத் துடைத்தான், குடும்பத்தில் சேர்த்தான், இடத்தை நீட்டினான். முக்கால்வாசிப் பேர் அதோடு எழுந்து போய்விடுவார்கள். அவன் மறக்காமல், ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஃபைல் சிஸ்டத்தையும் அதே அளவுக்கு இழுத்துவிட்டான். சர்வர் ஒரு நொடிகூடக் கண் அயரவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, அவன் வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கீபோர்டைத் தட்டத் தொடங்கினார்கள். மேனேஜர் எழுந்து நின்றதைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். அன்பும் உண்டு, கண்டிப்பும் உண்டு. தங்கமான மனிதர்.

அவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினார். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம், வெளியே உட்காருங்கள் என்றார். டீ சொல்லச் சொன்னார். எந்த இன்டர்வியூவிலும் அவனுக்கு இதுவரை யாரும் டீ கொடுத்ததில்லை.

பிளைவுட் சுவர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அக்காவுக்குச் செய்தி அனுப்பினான். கிடைத்த மாதிரிதான், டப்பா குலுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல். அக்கா கும்பிடுகளாக அனுப்பித் தள்ளினாள். அத்தான் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கட்டைவிரலை நிமிர்த்தி அனுப்பியிருந்தார்.

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் எச்.ஆர். அம்மாவின் குரல் கேட்டது.

"இந்தத் தம்பி ரொம்ப நல்லா செய்யறார் சார். எத்தனை பேரைத்தான் இப்படித் திருப்பி அனுப்பறது? பேசாம இவரையே வேலைக்கு எடுத்துடலாமே."

பெங்குவின் காதைப் பிளைவுட்டோடு ஒட்டினான். மேனேஜர் நிதானமாக டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

"வேலைக்கு ஆள் எதுக்கும்மா? இன்டர்வியூவே போதுமே."