ஈரப்பதம் முப்பத்தொன்று

பக்கெட்டும் மாப்புமாகத் துப்புரவு அக்கா ஆய்வக வாசலில் வந்து நின்றதும், ஆய்வு மாணவி ஏற்கெனவே பளிச்சென்று இருந்த கண்ணாடித் தகட்டை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.

நிமிர்ந்தால் அக்காவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

"என்ன பாப்பா, மூணு மாசம் கழிச்சு இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா?" என்று சிரித்தபடியே அக்கா செருப்பை வெளியே விட்டாள்.

கேலிதான். ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

பன்னிரண்டு மணிக்குத் தேர்வாளர் வருகிறார். ஆய்வேட்டில் இருக்கும் படங்களைப் பார்த்தவர், தகட்டைத் தன் கண்ணெதிரே ஒருமுறை முக்கி எடுக்கட்டும், மிச்சத்தைச் சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். தகட்டின் மேல் படலம் சரியாகப் படியாவிட்டால் நான்கு வருட உழைப்பு அம்போதான்.

சொல்வதற்கு எளிய வேலை. டைட்டானியம் கரைசலில் தகட்டை முக்கினால், மோட்டார் அதை மெல்ல மேலே இழுக்கும். ஆல்கஹால் ஆவியாகும்போது கரைசலில் இருக்கும் சோப்பு மாதிரியான மூலக்கூறுகள், யாரும் அதட்டாமலே தாமாக வரிசையில் நிற்கும். அவற்றைச் சுற்றி ஆக்சைடு இறுகும். பிறகு உலையில் வைத்தால் சோப்பு எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் தேன்கூடு போலத் துளைகள்.

மூன்று மாதமாக ஒரு வரிசையும் நிற்கவில்லை.

கரைசலை மாற்றினாள். தகட்டை மாற்றினாள். மோட்டாரோடு சண்டை போடாத குறை.

நேற்று பழைய நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. நன்றாக வந்த படலங்கள் எல்லாம், அக்கா காலையில் இந்த அறையைத் துடைத்துக்கொண்டிருந்த நாட்களில் வந்தவை. அக்கா துடைத்தால் தரை அரை மணி நேரம் குளம் கட்டி நிற்கும். காற்றில் ஏறிய அந்த ஈரம்தான் மூலக்கூறுகளை வரிசையில் நிறுத்தியிருக்கிறது.

ஆய்வேட்டிலோ, எல்லாம் தன் கரைசலின் மகிமை என்று பதினெட்டுப் பக்கம் அளந்து வைத்திருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் போனது. அக்காவைக் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். புகையும் வெயிலுமான இடம்.

நேற்று கெட்டிலில் வெந்நீரைக் கொதிக்கவிட்டும் பார்த்தாள். தகட்டில் நீர்த்துளி விழுந்து படலம் பாழானதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் இன்று காலை கீழே இறங்கிப் போய், "பழையபடி ஒரு தடவை துடைச்சுக் குடுங்கக்கா" என்று மட்டும் கேட்டாள். நிறையத் தண்ணீர் விட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் வந்துவிட்டாள். அதுவே மாணவியைக் கூசவைத்தது.

சுவரில் இருந்த ஈரப்பத மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. அறுபது வந்தால் போதும்.

அக்கா மேசைக்கு அடியில் துடைத்தாள். உலைக்குப் பின்னால் துடைத்தாள். கதவருகே வந்து இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

முப்பத்தொன்று.

தரை பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"கால வச்சுப் பாரு, காஞ்சிருக்கும்" என்றாள் அக்கா பெருமையாக. "ஈரத்தால உன் வேலை கெடுதுன்னு எழுதியிருந்தியாமே, சூப்பர்வைசர் படிச்சுக் காட்டுனாரு. எங்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா, அன்னைக்கே ஒட்டப் பிழிஞ்சு துடைச்சிருப்பேனே."

மணி பதினொன்றரை.

பக்கெட் நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. ஊற்றச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மாணவி தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.