கொள்ளுத்தாத்தா ஆம்புரோஸின் கல்யாணம்

இங்கிலாந்தில் ஒரு பழைய தேவாலயம். எலிகளின் கல்யாணங்களைக்கூட அங்கே பதிவேட்டில் எழுதி வைப்பார்கள்.

அந்த ஊர் எலி ஒன்றுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. பெண்வீட்டார் மட்டும் ஒரே பிடியாக நின்றார்கள். "உங்கள் கொள்ளுத்தாத்தா ஆம்புரோஸ் முறைப்படி தாலி... இல்லை, மோதிரம் மாற்றியவர்தானா? அத்தாட்சி காட்டினால்தான் பெண்."

எலி பதிவேட்டுக்குள் புகுந்து தேடியது. ஆம்புரோஸின் ஞானஸ்நானம் இருந்தது. அடக்கம் செய்ததும் இருந்தது. கல்யாணத்தைத்தான் காணோம்.

"எங்கள் வம்சத்துத் தாத்தாக்கள் பேரெல்லாம் எனக்கு மனப்பாடம். எனக்கா இந்த அவமானம்!" என்று அது புலம்பியது கோபுரத்து மணியின் காதில் விழுந்தது.

"கல்யாணம் பெண்ணின் ஊர்க் கோயிலில் அல்லவா நடக்கும், தம்பி? இங்கே தேடினால் எப்படி?" என்றது மணி.

எலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்படியா அக்கா! கொள்ளுப்பாட்டி எந்த ஊர்?"

"அவள் பேரைச் சொல், யோசித்துப் பார்க்கிறேன்."

எலி மீசையைத் தடவிக்கொண்டது. "ஆம்புரோஸ் சம்சாரம் என்றுதான் வீட்டில் சொல்வார்கள்."

மணி பேச்சை மாற்றியது.

"சரி, அது போகட்டும். உன் கல்யாணத்துக்கு இங்கேயும் உங்கள் இருவர் பேரையும் சொல்லி ஓலை வாசித்து ஊருக்குத் தெரிவிப்பார்கள். உன் பெண்ணின் பேர் என்ன?"

எலி நெஞ்சை நிமிர்த்தியது. "மாவு மில்லில் பெரிய சாம்பல் எலி இருக்கிறாரே, அவருடைய மகள்!"

"பேரைக் கேட்டேன்" என்றது மணி.