மணமகள் அறை

பணி ஓய்வு என்ன கிழமையில் வருகிறது என்று அவள் பார்க்கவில்லை. முகூர்த்தமா என்றுதான் பார்த்தாள்.

ஆவணி முகூர்த்தம். அதுவும் வளர்பிறை.

போச்சு, என்று காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

எல்லாம் பழக்கதோஷம். பல்கலைக்கழகம் பிறந்ததே அர்த்தநாரியின் கல்யாண மண்டபத்தில், வாடகைக்கு. சாப்பாட்டுக் கூடத்தில் இயந்திரவியல். மணமகள் அறையில் அவளுடைய அலுவலகம்.

கல்யாணமே வேண்டாம் என்றவள் மணமகள் அறையில் ஐந்து வருடம் குடியிருந்ததைச் சொல்லி அக்கா இன்னும் சிரிப்பாள்.

அர்த்தநாரி தங்கமான மனிதர். ஆனால் முகூர்த்தம் என்றால் தயவு தாட்சண்யம் கிடையாது. முந்தின நாளே கரும்பலகைகளை வெளியேற்றிவிடுவார். பரீட்சை என்று கெஞ்சினாலும் அதே கதிதான். அதனால் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவள் பரீட்சைத் தேதி குறித்தாள். இன்றைக்குப் பதிவாளரான பிறகும் அப்படித்தான் குறிக்கிறாள். ஏனென்று யாரும் கேட்டதில்லை.

விடைபெறும் விழாவை எங்கே வைக்கலாம் என்று துணைவேந்தர் கேட்டார். அந்த மண்டபத்தில், பந்தி மேஜையில் பரீட்சை எழுதிய பையன்தான் அவர்.

புது அரங்கத்தை அவளே நின்று கட்டியிருந்தாள். இருந்தாலும் அவள் வாயில் வந்தது மண்டபம் என்றுதான்.

உடனே அவளே, முகூர்த்த நாள், கிடைக்காது, என்றும் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அழுகை வரும்போல இருந்தது.

அவர் தேதியைக் குறித்துக்கொண்டார்.

கடைசி நாள் மாலை.

கார் அரங்கத்தில் நிற்கவில்லை. வளாகத்து வாசலையும் தாண்டிப் போனது.

மண்டபத்து முகப்பில் வாழைமரம். யார் வீட்டுக் கல்யாணமோ என்று நினைத்தபடி இறங்கினாள்.

உள்ளே முதல் வருடத்துப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு நரைத்திருந்தது. பந்தி மேஜைகளில், பரீட்சைக்கு உட்காருவதுபோல இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அர்த்தநாரி கைத்தடியோடு எழுந்து வந்தார்.

முகூர்த்த நாளாயிற்றே என்று அவள் கேட்டாள்.

"ஆமாங்கம்மா. மூணு கல்யாணத்துக்குக் கேட்டு வந்தாங்க. மண்டபத்துல பரீட்சை நடக்குது, தர முடியாதுன்னு சொல்லிப்போட்டனுங்க."

முகம் கழுவிவிட்டு வருவதாக அவள் சொன்னாள்.

மணமகள் அறைக்கு யாரும் வழி காட்ட வேண்டியிருக்கவில்லை.