இடியே விழுந்தாலும் கேக்காது

பக்கத்து மெஷினில் ஒரு பெண் அழுதுகொண்டிருக்கும்போது, காதில் பாட்டை மாட்டிக்கொள்கிறவரை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

நாங்கள் கல்நெஞ்சக்காரி என்றோம்.

எங்கள் தையல் கூடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சட்டையில் எதைத் தைக்கிறோமோ அதுதான் பெயர். நான் கை. எனக்கு எதிரில் பாக்கெட். மூத்தவர் காலர் அக்கா. அவருக்குப் பக்கத்து மெஷினில் பட்டன்.

பட்டனுக்கு ஏழு மாதக் குழந்தை. மூத்த நாத்தனார் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்கு ஒரே போன். அதுவும் குழந்தையோடு வீட்டிலேயே இருக்கும்.

திங்கட்கிழமை மதியம் பட்டன் என் போனைக் கேட்டாள்.

"பாப்பா புட்டிப் பாலை வாயிலயே வைக்க மாட்டேங்குதாம்க்கா. என் பாட்டுக் கேட்டா குடிக்கும். அஞ்சே நிமிஷம்."

கொடுத்தேன். மூலையில் போய் நின்றுகொண்டு பாட ஆரம்பித்தாள். அதை என்னவென்று சொல்ல! ஒரு வரி மாடிப்படி ஏறியது. அடுத்த வரி உருண்டு விழுந்தது.

பாக்கெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து எனக்கும்.

"மெஷினுக்கு எண்ணெய் விடுங்கப்பா, கிறீச்சிடுது!" என்று நான்தான் சொன்னேன். கூடமே சிரித்தது.

பட்டன் பாதியிலேயே நிறுத்திவிட்டு, "போதும்க்கா" என்று போனைக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் கேட்கவில்லை. நானாக நீட்டியபோதும், "வேணாம்க்கா, பாப்பா தூங்கும்" என்றாள்.

புதன்கிழமை மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் பாப்பா ஒரு வாய் குடிக்கலையாம். 'என்னால முடியாது, சனிக்கிழமையோட வேலைய விட்டுடு'ன்னு நாத்தனார் சொல்லிட்டாங்க. இந்த வேலையும் இல்லேன்னா வீடு எப்படிக்கா நடக்கும்?"

மறுநாள்தான் காலர் அக்கா, காதில் மாட்டிக் கேட்கிற, தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டியோடு வந்தார். ஓரத்தில் குட்டியாக ஒரு பச்சை விளக்கு. பாட்டு ஓடினால் மினுக்கும்.

பாக்கெட் விடுவாளா?

"என்னக்கா, கையகலத்துக்குப் போன் வெச்சிருக்கீங்க. அதுல பாட்டு வராதா?"

"வரும்."

"அப்புறம் இது எதுக்கு?"

"எனக்கு இதுதான் வேணும்."

"அடுத்து ஒரு புறா வாங்கிடுங்கம்மா, லெட்டர் அனுப்பலாம்" என்றார் சூப்பர்வைசர்.

எல்லோரும் சிரித்தோம். அக்கா அசரவில்லை. எழுந்து நின்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இதை மாட்டிட்டேன்னா இடியே விழுந்தாலும் எனக்குக் கேக்காது. மத்தியானம் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க."

சொல்லிவிட்டு இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார். பக்கத்தில் பட்டன் இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று மதியம் அவர் எங்களோடு சாப்பிடவும் உட்காரவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு துணிக்கட்டு அறைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமையும் அப்படியே. பட்டனும் கண்ணில் படவில்லை. எங்கேயாவது தனியாக உட்கார்ந்து அழுவாளாக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

"பக்கத்து மெஷின்தானே? 'என்னம்மா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் பாக்கெட்.

"கேட்டுடறேன்" என்றேன் நான்.

சனிக்கிழமை. பட்டனுக்குக் கடைசி நாள். இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்று டப்பாவைக்கூட மூடாமல் கிளம்பினேன். நறுக்கென்று கேட்க நாலு வார்த்தை தயாராக இருந்தது.

துணிக்கட்டு அறை வாசலிலேயே நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார் காலர் அக்கா. கண் மூடியிருந்தது. காதில் அடைப்பு. தலை ஆடிக்கொண்டிருந்தது.

என்ன சுகம் பாரேன்!

வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. ஒரு வரி மாடிப்படி ஏறியது. அடுத்த வரி உருண்டு விழுந்தது.

எட்டிப் பார்த்தேன். துணிக்கட்டுகளுக்குப் பின்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்து, போனைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தாள் பட்டன். மஞ்சள் உறை போட்ட போன். காலர் அக்காவுடையது.

நடுவில் மூச்சு வாங்கினாள். "மூணாவது நாளா முழுசாக் குடிக்குதா? அப்போ திங்கக்கிழமை நான் வேலைக்கு வரலாமா அண்ணி?" அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, குரல் இன்னும் உரக்க, இன்னும் கோணலாக, கூச்சமே இல்லாமல் கிளம்பியது. ஒரே ஆள்தான் வாசலில் இருக்கிறார், அவருக்கும் ஒன்றும் கேட்காது என்கிற தைரியம்!

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

மடியில் கிடந்த பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கவில்லை. ஆனால் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. பட்டனுக்குத் தாளம் தப்பிய இடத்தில் அதற்கும் தப்பியது.

நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"அக்கா..." என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

கண்ணைத் திறக்காமலே உதட்டில் விரலை வைத்தார் காலர் அக்கா.

"பாப்பா இன்னும் பாதி குடிக்கணும். நீயும் கொஞ்ச நேரம் செவிடா இரேன், கை."