சேர்மன் தோல்

கண்ணாடித் தட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள் பிரவீனா.

பின்னால் சேர்மன் திருமலைசாமி. அவருக்கும் பின்னால் போட்டோகிராபர்.

மில்லும் கல்யாண மண்டபமும் வைத்திருந்தவருக்குப் போன வருஷம் ஆராய்ச்சிக்கூடமும் வேண்டியிருந்தது. கணபதி பகுதியில் கட்டினார். அங்கே முதலில் வளர்வது தன் தோலாகத்தான் இருக்க வேண்டும் என்று முழங்கையிலிருந்து ஒரு துணுக்கு கொடுத்தார். கொடுத்ததற்குச் சால்வை போர்த்தினார்கள்.

தோலின் செல்கள் வளர ஒரு புரதம் வேண்டும். மனித உடம்பில் ஊறுவதை பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்து, ஐஸில் புதைத்து அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

அதைக் கரைத்த அன்று ஆயுத பூஜை. லேத்துக்கு வைப்பதுபோல் இதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னார் சேர்மன். வாழ்த்திப் பேச வந்தவர்கள் யாரும் சுருக்கமாகப் பேசவில்லை. அதுவரைக்கும் குப்பி குத்துவிளக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருந்தது.

சூட்டில் மருந்து கெட்டுப்போனது என்று சொன்னால் வேலை போகும். இன்றைக்குத் தட்டில் ஒன்றும் வளரவில்லை என்றாலும் போகும். பிரவீனா அதையே ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

குனிந்து பார்த்தாள்.

வளர்ந்திருந்தது. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, சுழி சுழியாக, தட்டு முழுக்க.

சேர்மன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எங்க கூட்டத்துத் தோலுங்க! சும்மா உட்டுருமா?"

பிளாஷ் அடித்தது.

டீ கொண்டுவந்த பொன்னாத்தாளையும் பார்க்கச் சொன்னார், போட்டோவுக்கு. வாட்ச்மேன் மாரப்பன் செத்தபிறகு அவர் மனைவியான அவளுக்குக் கருணை பண்ணிக் கொடுத்த வேலை அது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "ஏனுங்க, கைநாட்டு வெச்சாப்புல இருக்குதுங்களே?"

"எங்க ஊட்ல தாத்தன் காலத்துலிருந்தே கையெழுத்துத்தான், பொன்னாத்தா!"

எல்லோரும் சிரித்தார்கள். பிரவீனா சிரிக்கவில்லை. சேர்மனின் தோல் போன வாரமே கரைந்து குப்பைக்குப் போய்விட்டது. அதே கெட்ட மருந்தைக் குடித்துப் பிழைத்திருந்த இன்னொரு தட்டில்தான் அவர் பெயரை ஒட்டியிருந்தாள்.

பொன்னாத்தாள் இன்னும் கண்ணை எடுக்கவில்லை. பிரவீனாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அருவா பட்ட தழும்பு கூட அப்படியே இருக்குதுங்க, அம்மணி."

மாரப்பன் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கேட்டை இழுத்துச் சாத்தும்போது அவருடைய பெருவிரல் நசுங்கியது. பிய்ந்து தொங்கிய தோலை, வளர்த்துப் பழக ஆகுமே என்று பிரவீனாதான் எடுத்து வைத்தாள்.